பதினொரு வரிகளும் முப்பது எண்களும்

பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை மாட்டும்போது வலுவிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் எடுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்கிறவர் நோயாளியையும் படுத்துவார், தானும் படுவார். சிஸ்டர் இருபத்திரண்டு வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவள். இதையெல்லாம் அவள் கை தானாகச் செய்யும்.

இப்போது அவளுக்கு நாற்பத்தேழு வயது. வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் மதங்களைப் பற்றிய முதுகலைப் படிப்பில் இரண்டாம் வருஷ மாணவி. மாணவர் விசாவில் வந்தவர்கள் வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அந்த இருபது மணி நேரத்தையும் அவள் ஒரு முதியோர் இல்லத்தில் செலவழித்தாள். புதன், சனி, ஞாயிறு. காலை ஏழு மணிக்கு உள்ளே போய் ஏப்ரன் கட்டினால், போர்வை மாற்றுவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது என்று மதியம் தாண்டிவிடும்.

வகுப்பில் முதல் நாள், "எல்லாரும் என்னை சிஸ்டர்னுதான் கூப்பிடுவாங்க" என்று அவள் சொன்னதும், பக்கத்து நாற்காலி மாணவர் பயபக்தியோடு நிமிர்ந்து உட்கார்ந்து, "எந்த மடத்துல இருந்தீங்க?" என்று கேட்டார்.

"ஆண்கள் வார்டுல" என்றாள்.

நர்ஸுக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்காதவர் இல்லை. வார்டில் ஒருவர் கண்ணை மூடினால் வீட்டார் முதலில் டாக்டரைக் கேட்க மாட்டார்கள், நர்ஸைத்தான் கேட்பார்கள். கையை எப்படி மடிக்கணும் சிஸ்டர்? தலை எந்தப் பக்கம்? யார் தொடலாம்? மூன்று மதத்துக்கும் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு அத்துப்படி. ஏன் செய்ய வேண்டும் என்றுதான் ஒன்றுக்கும் தெரியாது. அது அவளை இருபத்திரண்டு வருஷமாக உறுத்திக்கொண்டிருந்தது. மகள் கல்லூரி முடித்து வேலைக்குப் போனதும் ராஜினாமாக் கடிதம் எழுதினாள்.

மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "வயசானா எல்லாரும் சாமி கும்பிடுவாங்க. இவ சாமியைப் பத்திப் பரீட்சை எழுதப் போறாளாம்!"

பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருக்கும் கணவர் மட்டும், "போயிட்டு வா. இங்க இருந்தா எனக்கும் அம்மாவுக்கும் பல்ஸ் பாத்துட்டே இருப்ப" என்றார்.

அப்படி வந்து சேர்ந்தவளுக்கு, அந்த நாட்டு மொழி நாலு மாதம் வகுப்பில் வந்தது. மிச்சம் முதியோர் இல்லத்துப் படுக்கையோரங்களில் வந்தது.

பதினான்காம் அறையில் ஒரு அம்மா இருந்தார். எண்பத்தொரு வயது. முப்பத்தைந்து வருஷம் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவி மாட்டிக்கொண்டு ஊரோடு ஊரை இணைத்தவர். இல்லத்தில் எல்லாருக்கும் அவர் டெலிபோன் அம்மா. மூன்று வருஷத்துக்கு முன் வந்த பக்கவாதம் வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. எதைக் கேட்டாலும் "ஆமா" என்பார். பசிக்குதா? ஆமா. வயிறு நிறைஞ்சுதா? ஆமா. எப்போதாவது "லைன்ல இருங்க" என்பார். அவ்வளவுதான் மிச்சம் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை சிஸ்டர் அந்த அறையில் போர்வை மடித்துக்கொண்டே மறுநாளைக்கு மறுநாள் இருந்த தேர்வுக்காக ஒரு பிரார்த்தனையை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அந்த நாட்டுப் பிள்ளைகள் நடக்கும் வயதிலேயே கற்கும் பதினொரு வரிப் பிரார்த்தனை. முதல் வரியைச் சொல்லிவிட்டு இரண்டாவது வரி நினைவுக்கு வராமல் நின்றாள். பின்னாலிருந்து ஒரு குரல் இரண்டாவது வரியைச் சொன்னது. மூன்றாவதையும் சொன்னது. பதினொன்றையும் பிசிறில்லாமல் சொல்லி முடித்தது. திரும்பிப் பார்த்தால் டெலிபோன் அம்மா. தலை லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது. கண் எங்கோ பார்த்திருந்தது.

சிஸ்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. யாருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அவளுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். மேஜையில் டீயை வைத்துவிட்டு ஆறிப்போகும்வரை பேசுகிறவர். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"சிஸ்டர், இது உங்க ஆய்வேட்டோட மூணாவது அத்தியாயம் இல்ல. இதுதான் ஆய்வேடே. பேச்சு போன பிறகும் பிரார்த்தனை நிக்குது! இதை எழுதுங்க, அடுத்து முனைவர் பட்டத்துக்கு நானே உங்களை எடுத்துக்கறேன்."

பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் போட்டு, இல்லத்தின் அனுமதி வாங்கி, கடைசியாக அந்த அம்மாவின் மகனிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டினாள். மகன் லிப்ட் மெக்கானிக். ஐம்பது வயது. அதுவரை மாதத்துக்கு ஒருமுறை வந்து, கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிஷம் நின்றுவிட்டுப் போகிறவர். பேசாத தாயிடம் என்ன பேசுவது என்று தெரியாத ஆண்பிள்ளைகளை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள்.

"எப்ப வேணும்னாலும் காரணம் சொல்லாம விலகிக்கலாம் அண்ணா. விலகினா எழுதினதெல்லாம் அழிச்சிடணும், அதுதான் விதி" என்று படிவத்தைப் படித்துக் காட்டினாள். பிறகு, "முதல் வரியை நீங்க சொல்லிப் பாருங்க" என்றாள்.

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். தாய் மீதி பத்து வரியைச் சொன்னார். மனிதர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"அம்மா உள்ள இருக்காங்க சிஸ்டர்."

"இருக்காங்க" என்றாள் அவளும்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். கட்டிலோரத்தில் உட்கார்ந்து முதல் வரியைச் சொல்வார். இருவருமாக மூன்று முறை, நான்கு முறை சொல்வார்கள். சிஸ்டர் குறிப்பெடுத்தாள். அத்தியாயம் அறுபது பக்கம் வளர்ந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஆறு வாரம் இருந்தது. அதற்குள் கொடுக்காவிட்டால் விசா முடிந்துவிடும். படிப்பும் இல்லாமல், விட்டுவந்த வேலையும் இல்லாமல் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த வாரத்துப் புதன்கிழமை, டெலிபோன் அம்மாவை எழுப்பி நிற்க வைக்கப் பிசியோதெரபிஸ்ட் வந்தாள். வாயாடிப் பெண். வழக்கமாகச் சிஸ்டர் இல்லாத நாட்களில் வருகிறவள். சிஸ்டர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

"மூணு சொன்னதும் தூக்கணும் சிஸ்டர். ஒண்ணு, ரெண்டு, மூணு!"

"நாலு" என்றார் டெலிபோன் அம்மா. "அஞ்சு, ஆறு, ஏழு..."

நின்றபடியே எண்ணிக்கொண்டு போனார். தலை லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது. கண் எங்கோ பார்த்திருந்தது. அதே ஏற்ற இறக்கம், அதே குரல். முப்பது வரைக்கும் எண்ணி நிறுத்தினார்.

பிசியோதெரபிஸ்ட் சிரித்தாள். "நான் வர்ற அன்னிக்கெல்லாம் இந்தக் கச்சேரிதான். ஏன் சிஸ்டர் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? பேச்சு போனவங்களுக்கு எண்ணு, கிழமை, பாட்டு, கெட்ட வார்த்தை, இதெல்லாம் தங்கும்னு உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதுதான் கொடுமை. அவளுடைய பழைய வார்டில் ஏழாம் நம்பர் கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார். தண்ணீர் வேண்டும் என்று சொல்ல வராது. ஆனால் ஊசியைக் கண்டால் நான்கு தலைமுறையை இழுத்துச் சரளமாகத் திட்டுவார். முகம் சுண்டிப்போன பயிற்சி நர்ஸுகளிடம் சிஸ்டர்தான் சொல்வாள்: "அவர் திட்டலடி, வாய் திட்டுது. பழகின பேச்சு தனியாத் தங்கும். மனசுல போட்டுக்காதீங்க." ஒரு வருஷமல்ல, பத்துப் பன்னிரண்டு வருஷம் சொன்ன பாடம். பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது அந்தப் பாடத்தை ஏப்ரனோடு கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

பிசியோதெரபிஸ்ட் போனதும் கட்டிலோரத்தில் உட்கார்ந்து, "திங்கள்" என்றாள்.

"செவ்வாய், புதன், வியாழன்" என்றார் டெலிபோன் அம்மா, தலை சாய்த்து.

பிரார்த்தனையின் முதல் வரியைச் சொன்னாள். மீதி வந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு வித்தியாசத்தையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். கையைப் பிடித்து நாடி பார்த்தாள். பிரார்த்தனையின்போதும் எழுபத்திரண்டு, கிழமைகளின்போதும் எழுபத்திரண்டு.

மறுநாள் மதியம் கணவருக்குப் போன் போட்டாள். அவர் டிப்போவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பின்னால் பஸ் உறுமியது. எல்லாவற்றையும் சொன்னாள்.

"யாருக்கும் தெரியாது இல்ல?" என்றார்.

"பிசியோவுக்கு எண்ணு தெரியும், பிரார்த்தனை தெரியாது. பேராசிரியருக்குப் பிரார்த்தனை தெரியும், எண்ணு தெரியாது. ரெண்டும் தெரிஞ்சவ நான் ஒருத்திதாங்க."

"அப்ப நீ பேசாம இருந்தா பட்டம் வந்துடும்."

"வந்துடும்."

"சரி, ஒண்ணு கேக்கறேன். வார்டுல மருந்து மாத்திக் குடுத்துட்டா என்ன செய்வ?"

"அந்த ஷிப்ட் முடியறதுக்குள்ள இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதிக் குடுக்கணும். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யாருக்கு என்ன பாதிப்பு..."

"உன் ஷிப்ட் நேத்தே முடிஞ்சு போச்சேம்மா" என்றார் டைம்கீப்பர். "என்கிட்ட லேட்டா கையெழுத்துப் போடற டிரைவர் மாதிரியே பேசற."

வெள்ளிக்கிழமை பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் டீக் கோப்பையைத் தூக்கினார், குடிக்காமல் வைத்தார்.

"சிஸ்டர், அவசரப்படாதீங்க. பிரார்த்தனைன்னாலே மனப்பாடம்தானே? நல்லா இருக்கறவங்க மட்டும் ஒவ்வொரு சொல்லையும் யோசிச்சா சொல்றாங்க? அப்படி வாதாடலாம். எண்ணு சொன்னதை அடிக்குறிப்புல ஒரு வரி போட்டுடுங்க."

"நீங்க வாதாடலாம் சார், அது சரியாக்கூட இருக்கலாம். ஆனா நான் அறுபது பக்கத்துல அந்த அம்மா பிரார்த்தனை பண்றாங்கன்னு எழுதியிருக்கேன். அவங்க பண்றாங்களான்னு எனக்குத் தெரியாது. பண்ணலைன்னும் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சார்ட்டுல எழுதக் கூடாது."

"சார்ட்டு இல்ல, ஆய்வேடு."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் மேல் கோபமா, தன் மேல் கோபமா என்று சொல்ல முடியாது. "அஞ்சு வாரம் இருக்கு. நாள் நீட்டிக்க முடியாது. திருப்பி எழுத முடியுமான்னு பாருங்க" என்றார். முனைவர் பட்டத்தைப் பற்றி அவர் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லிப்ட் மெக்கானிக் வந்தார். அறைக்குள் போகுமுன் தாழ்வாரத்தில் நிறுத்தி, நேராகச் சொன்னாள். சுற்றி வளைப்பது கேட்பவருக்குக் கூடுதல் வலி என்பது வார்டில் கற்றது. ஆனால் நேராகச் சொன்னாலும் சில விஷயம் வலிக்கத்தான் செய்யும்.

"எங்கம்மா டேப் ரிக்கார்டர்னு சொல்றீங்க."

"அப்படிச் சொல்லல அண்ணா. எனக்குத் தெரியாததைத் தெரியும்னு உங்ககிட்ட சொல்லிட்டேன். அதுதான் தப்பு."

"தரையில உக்காந்து அழுதேனே, பாத்துட்டுதானே இருந்தீங்க? 'இருக்காங்க'ன்னு சொன்னது நீங்கதானே?"

"நான்தான்."

"உங்க படிப்புக்கு நாங்கதான் கிடைச்சமா?" குரல் உயர்ந்ததும் பக்கத்து அறைக் கதவு திறந்தது. அவர் தாயைப் பார்க்காமலே படியிறங்கிப் போய்விட்டார். லிப்ட் மெக்கானிக், லிப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

புதன்கிழமை பல்கலைக்கழகத்துக்கு அவர் கடிதம் வந்தது. ஒப்புதலை விலக்கிக்கொள்கிறேன். ஒரே வரி. காரணம் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதுமில்லை, அவளே படித்துக் காட்டியதுதான்.

துறை அலுவலகத்தில் காகிதம் கிழிக்கும் இயந்திரத்தின் முன் நின்று, இரண்டு நோட்டுப் புத்தகத்தையும் பக்கம் பக்கமாகக் கிழித்துப் போட்டாள். சாட்சிக்கு ஒருவர் நிற்க வேண்டும் என்பது விதி. பேராசிரியர் நின்றார். கணினியில் இருந்ததையும் அழித்துவிட்டு இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"இப்ப உங்ககிட்ட என்ன சிஸ்டர் மிச்சம்?" என்றார்.

"நான் தப்பாக் கேட்டது மட்டும் மிச்சம் சார். அதுக்கு யார் ஒப்புதலும் வேண்டாம்."

அதையே எழுதினாள். ஒரு நோயாளியைப் பற்றியும் ஒரு சொல் இல்லாமல், கேட்டவளைப் பற்றி எழுதினாள். பத்து வருஷம் பிறருக்குச் சொல்லிக்கொடுத்ததைத் தனக்கு வேண்டியபோது ஒருத்தி எப்படி மறந்தாள். படுக்கையோரத்தில் நிற்கிறவர்கள் எதைக் கேட்க ஆசைப்படுகிறார்கள். வார்டில் வீட்டார் அவளைக் கேட்ட கேள்விகளுக்கும் அந்த ஆசைக்கும் என்ன உறவு. என்ன நடந்தது, எப்போது, யாருக்கு என்ன பாதிப்பு என்று ரிப்போர்ட் எழுதும் கையால் எழுதினாள். அழகாக எழுத அவளுக்கு நேரமில்லை.

அந்த வாரங்களில் லிப்ட் மெக்கானிக் வரவில்லை. முதல் ஞாயிறு டெலிபோன் அம்மா மதியத் தட்டை இடக்கையால் தள்ளிவிட்டார். இரண்டாம் ஞாயிறும் தள்ளினார். மற்ற நாளெல்லாம் சாப்பிட்டார். ஞாயிறு மட்டும் நாற்காலியில் கதவைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். யாரும் முதல் வார்த்தை எடுத்துக் கொடுக்காமல், யாரும் பழக்காமல், தானாக. சிஸ்டர் அதைப் பார்த்தாள். ஆய்வேட்டில் ஒரு வரிகூட எழுத முடியாது. இல்லத்துப் பராமரிப்புப் பதிவேட்டில் எழுதினாள்: மதிய உணவு மறுப்பு, இரண்டாம் ஞாயிறு, கதவைப் பார்த்திருந்தார். பதிவேட்டைப் படித்த மேற்பார்வையாளர் மகனுக்குப் போன் செய்தார். அது அவர் வேலை.

மூன்றாம் ஞாயிறு அவர் வந்தார். வாசலிலேயே நின்றார். பதினொரு வரி இருந்தவரை செய்ய ஒரு காரியம் இருந்தது. இப்போது கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

சிஸ்டர் நகவெட்டியை நீட்டினாள். "அம்மாவுக்கு நகம் வளந்து கிடக்கு. இடது கைதான் உணர்ச்சி உள்ள கை, அதைப் பாத்து வெட்டுங்க."

அவர் முறைத்தார். ஆனால் வாங்கிக்கொண்டார். ஸ்பானர் பிடித்த கை. மூன்றாவது விரலில் ஒட்ட வெட்டிவிட்டார். டெலிபோன் அம்மா வெடுக்கென்று கையை இழுத்து, அவர் மணிக்கட்டில் பட்டென்று ஓர் அடி வைத்தார்.

மகன் திகைத்துப்போய் சிஸ்டரைப் பார்த்தார். "இது?"

"இது வலிச்சிருக்கு அண்ணா. தள்ளி வெட்டுங்க."

ஆய்வேட்டைக் கடைசி நாளுக்கு முந்தின நாள் கொடுத்தாள். வாய்மொழித் தேர்வில் இரண்டு பேராசிரியர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். மூக்குக்கண்ணாடிக்காரர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இதுல நீங்க ஏமாந்ததைத் தவிர வேற என்ன இருக்கு?" என்றார்.

"வேற இல்லீங்க. ஆனா அதை முழுசா எழுதியிருக்கேன்."

தேறிவிட்டாள், கடைசித் தர மதிப்பெண்ணில். அந்த மதிப்பெண்ணுக்கு முனைவர் பட்ட வாசல் திறக்காது என்று வழிகாட்டி வருத்தத்தோடு சொன்னார். வீட்டுக்குப் போன் செய்தபோது மாமியார், "பாஸா? அப்ப சாமி இருக்கா இல்லையா, என்னன்னு சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டார். "பாடத்துல அது வரல அத்தை" என்றாள்.

ஊருக்குக் கிளம்பும் வாரம், கடைசி ஞாயிறு வேலைக்குப் போனாள். பதினான்காம் அறையைக் கடக்கும்போது லிப்ட் மெக்கானிக்கின் குரல் கேட்டது.

"அம்மா, சொல்லலாமா?"

கேட்டுவிட்டு அவர் பொறுத்திருந்தார். முன்பெல்லாம் வந்து உட்கார்ந்ததும் முதல் வரியை எடுத்துவிடுவார், தாய்க்கு வேறு வழியிருக்காது. டெலிபோன் அம்மா பதில் சொல்லாமல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே மழை விட்டிருந்தது.

"சரி, வேண்டாம். வெளிய போலாமா?"

அவர் எழுந்து சக்கர நாற்காலியின் பின்னால் போய் நின்று தள்ளினார். நாற்காலி அசையவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினார்.

"பிரேக்கை எடுங்க அண்ணா" என்று தாழ்வாரத்திலிருந்து சொல்லிவிட்டு, கை நிறைய அழுக்குப் போர்வைகளோடு சிஸ்டர் பதினைந்தாம் அறைக்குப் போனாள்.